களஞ்சியத்தில் ஒரு வட்டு பழுதுற்றால்

எழுதிவைத்தது அழியாதிருத்தல் வேண்டும் என்னும் கவலை, எழுத்துத் தோன்றிய காலந்தொட்டே மக்களிடத்து இருந்து வருகின்றது. கல்லில் வெட்டினர், செம்பிற் பொறித்தனர், ஓலையில் எழுதியோர், அவ்வோலை இற்றுப்போகுமுன் வேறோர் ஓலையிற் படியெடுத்து வைத்தனர். இவற்றுள் ஓலையில் எழுதியோரின் வழியே நுட்பமானது எனல் தகும். கல்லை நம்பினோர் பொருளின் வலிமையை நம்பினர். ஓலையில் எழுதினோர் பொருள் அழியும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, படியெடுக்கும் கையை நம்பினர். இக்காலத்துப் பெருங் கணினிக் களஞ்சியங்கள் மேற்கொண்டுள்ளதும் இவ்விரண்டாம் வழியே. அங்கு நாள்தோறும் வட்டுக்கள் மடிகின்றன. மடிந்தவற்றின் இடத்தில் வேறு வட்டுக்கள் வைக்கப்படுகின்றன. எழுதிய செய்தியோ அழிவதில்லை. அஃது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதும், எவ்விடத்தில் அது தவறக்கூடும் என்பதும் இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் வட்டினைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வன்வட்டு என்பது காந்தப் பூச்சுடைய மெல்லிய தட்டுக்கள் சில ஓர் அச்சிற் கோக்கப்பட்டு, ஒரு பேழையினுள் சுழல்வது. 1956 ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியே வட்டுக் களஞ்சியத்துடன் விற்பனைக்கு வந்த முதற் கணினி. அதில் இரண்டடி குறுக்களவுள்ள தட்டுக்கள் ஐம்பது இருந்தன. அதன் நிறை ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. அதனுள் அடங்கிய எழுத்துக்களோ ஐம்பது இலட்சமே. இன்று ஒரு கையில் ஏந்தத்தக்க மூன்றரை அங்குல வட்டொன்று இருபது டெராபைற்றுக்கு மேற்பட்ட செய்தியைக் கொள்கின்றது. அஃதாவது, இருபது இலட்சம் கோடி எழுத்துக்களுக்கு மேல். தட்டுக்கள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல, எழுதும் முனையானது அவற்றின்மீது சில நனோமீற்றர் இடைவெளியில் மிதந்து செல்கின்றது. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அவ்விடைவெளியினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஒரு துகள் இடையிற் புகுந்தாலும், முனை தட்டில் உரசினாலும், அடிப்புறத்து மின்சுற்றுக் கருகினாலும் வட்டு மடியும். இத்துணை நுண்ணியதொரு பொருள் ஐந்தாறாண்டுகள் இரவு பகல் ஓயாது சுழல்வதே வியப்பு. அது மடிவது வியப்பன்று.

எத்துணை வட்டுக்கள் மடிகின்றன? உற்பத்தியாளர் தம் விளம்பரத் தாள்களில், வட்டொன்று பழுதுறுவதற்கு முன் இயங்கக்கூடிய சராசரிக் காலம் பத்து இலட்சம் மணி எனவும், அதற்கு மேலும் எனவும் அச்சிடுவதுண்டு. பத்து இலட்சம் மணி என்பது நூற்றுப் பதினான்கு ஆண்டு. இதனைக் காணும் எவரும், வாங்கிய வட்டைப் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லலாம் என்று எண்ணுவர். உண்மையில் அத்தொகையின் கருத்து வேறு. நூறு வட்டுக்களை ஓராண்டு இயக்கினால் அவற்றுள் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக மடியும் என்பதே அதன் பொருள். அதுவும் நடைமுறையிற் பொருந்தவில்லை. 2007 ஆம் ஆண்டில், கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா சுறோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும், பெருங் கணினி நிலையங்களில் இயங்கிய ஏறத்தாழ ஒரு இலட்சம் வட்டுக்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரையான வட்டுக்கள் மாற்றப்பட்டன என்றும், சிலவிடங்களில் அது பதின்மூன்று வரை ஏறியது என்றும் அவர்கள் கண்டனர். அவர்கள் கண்ட வேறோர் உண்மை இதனினும் சிந்திக்கத்தக்கது. வட்டுக்களின் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றனவாய் நிகழ்வதில்லை. ஒரு பழுது நேர்ந்தபின் அடுத்த பழுது அண்மையில் நேர்வதற்கான வாய்ப்பு, வெறுங் கணக்கு எதிர்பார்ப்பதினும் மிகுதி. துன்பம் தனித்து வருவதில்லை என்று முன்னோர் கூறியது வட்டுக்களுக்கும் பொருந்தும் போலும்.

வீட்டில் ஒரு கணினியை வைத்திருப்பவருக்கு வட்டு மடிதல் வாழ்நாளில் ஓரிருமுறை நேரும் விபத்து. பெருங் களஞ்சியத்துக்கோ அது காலைக் கடன்களுள் ஒன்று. சுவிற்சர்லாந்தின் செனீவா நகரருகே உள்ள சேர்ண் என்னும் ஐரோப்பிய அணு ஆய்வுநிலையத்தின் வட்டுக் களஞ்சியம் 2023 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டெராபைற் என்னும் எல்லையைக் கடந்தது. அக்கொள்ளளவு அந்நாளில் ஏறத்தாழ 1,11,000 வட்டுக்களில் விரவிக் கிடந்தது. நூற்றுக்கு ஒன்றுதான் ஆண்டுதோறும் மடியும் என்று மிகக் குறைவாக மதித்தாலும், நாளொன்றுக்கு மூன்று வட்டுக்கள் மடிதல் வேண்டும். வட்டுக்கள் விடுமுறை நாள் பார்ப்பதில்லை, நள்ளிரவென்றும் பார்ப்பதில்லை. ஆயின், அக்களஞ்சியத்துள் இருப்பவை யாவை? நிலத்தடிச் சுரங்கத்தில் நுண்துகள்களை மோதவிட்டு அறிஞர் பதிவுசெய்த அளவீடுகள். ஒருமுறை நிகழ்ந்த மோதல் அதேவாறு மறுமுறை நிகழப்போவதில்லை. பதிவு போனால் அந்நிகழ்ச்சியும் போனதே. இதனாலன்றோ காந்த நாடாக்களிலும் அவற்றுக்குப் படிகள் வைக்கப்படுகின்றன.

முற்காலத்து முறை, வட்டுக்களைச் சிறு கூட்டமாக ஒரு பெட்டியுள் அடைத்து, ஒன்று மடிந்தால் ஏனையவற்றைக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை மீட்டல். இம்முறைக்கு 1988 இல் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி காற்சு ஆகிய மூவரும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தனர். அது நல்ல முறையே. இன்றும் பலவிடங்களில் வழங்குகின்றது. ஆனால் வட்டின் கொள்ளளவு பெருகிய வேகத்தில் எழுதும் வேகம் பெருகவில்லை. இருபத்து நான்கு டெராபைற் கொள்ளும் வட்டொன்றில், நொடிக்கு 200 மெகாபைற் வீதம் இடைவிடாது எழுதினாலும், அதனை நிரப்ப முப்பத்து மூன்று மணி நேரம் ஆகும். களஞ்சியத்தின் அன்றாடப் பணியும் உடன் நடைபெறின் அது பல நாளாய் நீளும். அத்தனை நேரமும் எஞ்சிய வட்டுக்கள் ஒரேயடியாய்ப் படிக்கப்பட்டு உழைக்கின்றன. அவையும் பெரும்பாலும் மடிந்த வட்டோடு ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒத்த வயதுடையனவாய் இருப்பவை. இந்த இடைவேளையில் அடுத்தது மடிந்தால் என் செய்வது?

இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே, பல கணினிகள் கூடி ஒரே களஞ்சியமாய் இயங்கும் முறை. கூகிள் நிறுவனத்தார் 2003 ஆம் ஆண்டில் தமது களஞ்சிய முறையொன்றை விளக்கி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அம்முறையில் செய்திகள் 64 மெகாபைற் அளவான துண்டங்களாய்ப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டத்துக்கும் மூன்று பிரதிகள் வெவ்வேறு கணினிகளில் வைக்கப்பட்டன. இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கணினியில் உள்ள ஆயிரக்கணக்கான துண்டங்களின் மற்றைப் பிரதிகள், யாதேனும் ஒரு துணைக் கணினியிற் குவிந்து கிடப்பதில்லை. அவை களஞ்சியம் எங்கணும் நெல் விதைத்தாற் போலச் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் அக்கணினி வீழ்ந்தால், இழந்த பிரதிகளை மீண்டும் ஆக்கும் வேலையும் எல்லாக் கணினிகளுக்கும் பகிரப்படுகின்றது. ஒருவன் முப்பது மணி நேரம் சுமப்பதை நூறு பேர் சில நிமிடங்களிற் சுமந்து முடிக்கின்றனர்.

அவ்வாய்வுரையாளர் இதனை வாய்ச்சொல்லாய் விடாது சோதித்தும் பார்த்தனர். இயங்கிக்கொண்டிருந்த களஞ்சியத்திலிருந்து ஒரு கணினியை வேண்டுமென்றே வீழ்த்தினர். அதில் ஏறத்தாழ 15,000 துண்டங்கள், 600 கிகாபைற் செய்தி, இருந்தன. இழந்த பிரதிகள் யாவும் 23.2 நிமிடத்தில் மீண்டும் ஆக்கப்பட்டன. பின்னர் இரண்டு கணினிகளை ஒருங்கே வீழ்த்தினர். இம்முறை 266 துண்டங்களுக்கு ஒவ்வொரு பிரதியே எஞ்சியது. அவை மடிந்தால் மீட்க வழியில்லை. களஞ்சியமோ அந்த 266 துண்டங்களை முன்னே நிறுத்தி, இரண்டு நிமிடத்துள் அவற்றுக்கெல்லாம் குறைந்தது இரண்டாவது பிரதியை ஆக்கிவிட்டது. பிழைக்கக்கூடியவன் காத்திருக்க, மூச்சுத் திணறுபவனை முதலிற் கவனிக்கும் மருத்துவனின் முறை இது. கூகிள் நிறுவனம் பின்னர் அக்களஞ்சியத்தை விடுத்து அதனினும் பெரியதொன்றைக் கைக்கொண்டது. எனினும் அந்த இரண்டு நிமிடக் கதை, இத்துறையில் உழைப்போர் எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

யாவரும் பெற்றுப் பயன்படுத்தத்தக்க களஞ்சிய மென்பொருள்களுள் பெயர்பெற்றது செஃப் என்பது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்ரா குறூஸ் பிரிவில் சேஜ் வைல் என்பார் தம் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்விற் பிறந்து, 2006 இல் ஆய்வுரையாக வெளிவந்தது. கணவாய் முதலிய பல கையுடைய கடலுயிர்களின் ஆங்கிலப் பெயரில் முதலசையை எடுத்து இதற்குப் பெயராக இட்டனர். பல கைகள் ஒருங்கே உழைப்பதைக் கருதின் பெயர் பொருத்தமானதே. சேர்ண் நிலையமும் தன் கணினிச் சேவைகள் சிலவற்றுக்காக 2013 முதல் இதனைக் கைக்கொண்டது. வட்டு மடியும்போது நிகழ்வனவற்றைப் படிப்படியாய்க் காண்பதற்குச் செஃப் நல்லதோர் எடுத்துக்காட்டு.

செஃப் களஞ்சியத்தில் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு மென்பொருட் காவலன் உண்டு. இக்காவலர் ஒருவரையொருவர் ஆறு நொடிக்கு ஒருமுறை வினாவி, உயிருடன் உளரா எனச் சரிபார்க்கின்றனர். இருபது நொடி வரை விடை வராதாயின், அயலிலுள்ள காவலர் அதனை மேற்பார்வைக் கணினிகளுக்கு முறையிடுவர். ஒருவர் முறையீடு போதாது. வெவ்வேறு கணினிகளிலிருந்து இருவரேனும் முறையிடல் வேண்டும். முறையிட்டவனின் கம்பியே அறுந்திருக்கவுங் கூடுமன்றோ? இருவர் சொல் ஒத்தபின் அவ்வட்டு வீழ்ந்ததாகக் குறிக்கப்படும்.

வீழ்ந்தது என்பது வேறு; விலக்கப்பட்டது என்பது வேறு. வட்டு வீழ்ந்தவுடன் களஞ்சியம் பிரதியாக்கத் தொடங்குவதில்லை. பத்து நிமிடம் பொறுக்கின்றது. யாரேனும் கணினியை நிறுத்தி மீள இயக்கியிருக்கலாம். மின்கம்பி ஒன்று தளர்ந்திருக்கலாம். வலையமைப்பில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கலாம். அவ்வாறாயின் வட்டு சிறிது நேரத்தில் தானே திரும்பிவரும். இடையில் மாறிய செய்திகளை மட்டும் பெற்றுக்கொண்டு பழையபடி பணி செய்யும். ஒவ்வொரு கண்ணிமைப்புக்கும் அஞ்சி, பல டெராபைற் செய்தியை அங்குமிங்கும் இழுத்தடித்தால், அந்த இழுபறியே களஞ்சியத்தைத் தளர்த்திவிடும். பத்து நிமிடம் கழிந்தும் வட்டுத் திரும்பாவிடின் அது விலக்கப்படுகின்றது. அதன்பின் தயக்கம் இல்லை. எப்பிரதி எங்கே இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கு விதி ஒன்றினால் ஒவ்வொரு காவலனும் தானே அறிந்துகொள்கின்றான். தேடிப் பார்க்கும் பேரேடு ஒன்று வேண்டுவதில்லை. புதிய கணக்கின்படி நூற்றுக்கணக்கான வட்டுக்கள் ஒன்றுக்கொன்று பிரதி அனுப்பத் தொடங்குகின்றன.

இதில் ஒரு செய்தி பலருக்கும் புதுமையாய்த் தோன்றலாம். மடிந்த வட்டை எவரும் கையால் தொடுமுன்னரே, அதிலிருந்த செய்தி முழுதும் மூன்று பிரதிகளாய் மீண்டும் நிறைந்துவிடுகின்றது. புதிய வட்டைப் பொருத்துவது செய்தியைக் காப்பதற்கன்று. குறைந்துபோன இடத்தை நிரப்புவதற்கே. ஆதலின் நள்ளிரவில் ஒரு வட்டு மடிந்ததென்று பொறியியலாளரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது, செம்மையாய் அமைந்த களஞ்சியத்தில் வீண் வேலை. காலையில் வந்து ஆறுதலாய் மாற்றலாம். வாரத்தில் ஒருநாள் மாற்றலாம். அவசரம் பொறிக்குரியது, மனிதருக்குரியதன்று.

ஆயின், இவ்வாறு தானே குணமடைதற்கு ஒரு நிபந்தனை உண்டு. களஞ்சியத்தில் இடம் இருத்தல் வேண்டும். செஃப் முறையில் வட்டொன்று நூற்றுக்கு எண்பத்தைந்து நிரம்பினால் எச்சரிக்கை எழும். தொண்ணூற்றைந்து நிரம்பினால் எழுதுதலே நிறுத்தப்படும். கொள்ளளவை முற்றும் பயன்படுத்திவிட்டோம் என்று மகிழும் கணக்கர் உளர். அவர் மகிழ்ச்சி முதல் வட்டு மடியும் வரைதான். மடிந்ததன் பிரதிகளை வைக்க இடமின்றி ஏனைய வட்டுக்கள் எல்லை தாண்ட, ஒரு வட்டின் பழுது களஞ்சியம் முழுவதன் நிறுத்தமாய் முடியும். வெறுமையாய்க் கிடக்கும் இடம் வீணன்று. அதற்குச் செலவிட்ட பணம் விலையாகும். பெற்ற பொருள் பாதுகாப்பாகும்.

சிறு களஞ்சியங்களில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. பிரதிகள் மூன்றும் வெவ்வேறு கணினிகளில் இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான விதி. பெரிய நிலையங்களில் வெவ்வேறு இறாக்கைகளில் இருத்தல் வேண்டும் என்றும் விதிப்பர். களஞ்சியத்தில் உள்ளவையே மூன்று கணினிகளாயின், அவற்றுள் ஒன்று முழுதாய் வீழ்ந்தால் மூன்றாம் பிரதியை எங்கே வைப்பது? விதி இடங்கொடாது. களஞ்சியம் இரு பிரதிகளுடன் காத்துக்கொண்டிருக்கும். நான்காவது கணினி ஒன்றை முதலிலேயே சேர்த்திருந்தால் இவ்விக்கட்டு இல்லை. இதனைச் செலவுக்கு அஞ்சித் தவிர்ப்போர் பலர்.

இரண்டு பிரதிகள் வரை களஞ்சியம் வழமைபோல் எழுதவும் படிக்கவும் இடங்கொடுக்கின்றது. ஒரே பிரதி எஞ்சும்போது என்ன செய்கின்றது? செஃப் முறையின் வழக்கமான ஏற்பாட்டில், அத்துண்டங்களுக்கான பணியை அது நிறுத்திவிடுகின்றது. பயன்படுத்துவோர் முறையிடுவர், தொலைபேசி மணி ஓயாது அடிக்கும். அப்பொழுது ஒரு சொல்லை மாற்றி, ஒற்றைப் பிரதியுடனேயே பணியைத் தொடரச் செய்யும் வழி உண்டென்று யாரேனும் நினைவூட்டுவர். அவ்வழி உண்மையில் உண்டு. ஆனால் அதனைக் கைக்கொண்டபின், ஒற்றை வட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு சான்று உலகில் இல்லை. அவ்வட்டும் மடிந்தால், பழைய வட்டுக்கள் உயிர்பெற்று வந்தாலும் புதியதை அவை அறியா. சில மணி நேரச் சேவைக்காக நிலைத்த செய்தியைப் பணயம் வைப்பது சூதாட்டம். செஃப் மென்பொருளை ஆக்கியோர் நிறுத்துதலையே வழக்கமான ஏற்பாடாய் வைத்தமை மெச்சத்தக்கது.

இனி, கையால் செய்யும் வேலைக்கு வருவோர் நிலை. பெரிய நிலையங்களில் ஒரு கணினியின் இழுப்பறையில் அறுபது வட்டுக்கள் வரை நிரைநிரையாய் நிற்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், மடிந்ததும் உயிருள்ளதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. வெளிச்சம் மங்கலாய், விசிறிகளின் இரைச்சல் பேச்சை மூடுவதாய் இருக்கும். இவ்விடத்திலேதான், மென்பொருள் செய்த அத்தனை காப்பும் ஒரு கணத்தில் வீணாகக்கூடும். மடிந்ததற்குப் பதிலாக அதற்கு அடுத்த வட்டை உருவிவிட்டால், அவ்வட்டில் நலமாயிருந்த துண்டங்களும் ஒவ்வொரு பிரதியை இழந்துவிடும். அந்நேரம் களஞ்சியத்தின் வேறு மூலையில் ஒரு வட்டு மடியாதென்று யார் உறுதி கூறுவர்?

ஆகவே முறை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. வட்டை அகற்றப் புகுமுன், அதனை அழித்தால் யாதேனும் செய்தி குன்றுமா என்று களஞ்சியத்தையே வினாவுதல் வேண்டும். செஃப் இதற்கென ஒரு கட்டளையை வைத்திருக்கின்றது. பிரதிகள் யாவும் வேறிடத்தில் நிறைந்துவிட்டனவாயின் அழிக்கலாம் என்று விடை கூறும், இல்லையேல் மறுக்கும். மறுத்தபின்னும் துணிவோர்க்கு மென்பொருள் என் செய்யும்? அடுத்து, மடிந்த வட்டின் தொடரிலக்கத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதிக்கொள்ளல் வேண்டும். களஞ்சியம் தனக்கென வைத்துள்ள இலக்கம் ஒன்று. இயங்கு முறைமை வட்டுக்கு இட்ட பெயர் இன்னொன்று. இழுப்பறையில் உள்ள இடத்தின் எண் வேறொன்று. இயங்கு முறைமை இட்ட பெயர், கணினியை மீள இயக்கும்போது மாறவுங் கூடும். உற்பத்தியாளர் வட்டின்மீதே ஒட்டிய தொடரிலக்கம் ஒன்றே மாறாதது. அதன்பின் அவ்விடத்துச் சிறு விளக்கைச் சிமிட்டச் செய்யும் கட்டளை உண்டு. நூறு வட்டுக்களிடையே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கக் காணலாம். விளக்கைக் கண்டு உருவி, கையில் வந்ததன் தொடரிலக்கத்தைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டபின்னரே, ஒருவர் அடுத்த படிக்குச் செல்லுதல் தகும். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சொல்லுதல் நன்று. இருவர் செல்வதைச் செலவென்று எண்ணுவோர், தவறான வட்டை உருவியபின் கழியும் இரவின் செலவை எண்ணிப் பார்ப்பதில்லை.

புதிய வட்டு பழையதன் கொள்ளளவாயே இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு வட்டுக்கும் அதன் கொள்ளளவுக்கேற்ற நிறை ஒன்று கணக்கில் இடப்படும். பெரியது மிகுதியாகவும் சிறியது குறைவாகவும் ஏற்கும். எனினும் ஏனையவற்றினும் மிகப் பெரிய வட்டொன்றை நுழைத்தால், செய்தி மட்டுமன்றி அதனைத் தேடிவரும் வேலையும் அதன்மேற் குவியும். சுழலும் வேகமோ கூடுவதில்லை. மடிந்த வட்டின் இலக்கத்தையே புதியதற்கு இடுதல் நல்லது. அவ்வாறு செய்தால் கணக்கு விதி குலையாது; முன்னர் அவ்விடத்துக்குரியனவாயிருந்த துண்டங்களே திரும்பி வரும். வேறிலக்கம் இட்டால் தேவையற்ற துண்டங்களும் இடம்பெயர்ந்து அலையும்.

புதிய வட்டை நிரப்புதல் மெல்லவே நடைபெறும், நடைபெறவும் வேண்டும். முன்னர் பிரதியாக்கத்தில் பலர் பலருக்குக் கொடுத்தனர். இப்பொழுது பலர் ஒருவனுக்கே கொடுக்கின்றனர். ஒற்றை வட்டின் எழுதும் வேகமே எல்லை. செய்தி ஏற்கனவே மூன்று பிரதிகளாய் இருத்தலின் இதில் விரைவு வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டினால் அன்றாடம் படிக்கவும் எழுதவும் வருவோரே இடருறுவர்.

மூன்று பிரதி வைப்பது செலவு மிக்கதாகலின், வேறொரு வழியும் கையாளப்படுகின்றது. 1960 ஆம் ஆண்டில் ஏர்விங் றீட், குஸ்ராவ் சொலமன் ஆகிய கணித அறிஞர் இருவர் கண்ட குறியீட்டு முறை அதற்கு அடிப்படை. செய்தியைப் பத்துத் துண்டமாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு காப்புத் துண்டங்களைச் சேர்த்தால், பதினான்கில் எந்தப் பத்தைக் கொண்டும் முழுமையை மீட்கலாம். முகநூல் நிறுவனத்தின் களஞ்சியமொன்றில் இவ்வளவே கையாளப்பட்டமை 2013 இல் வெளிவந்த ஆய்வுரையொன்றாற் புலனாகின்றது. மும்மடங்கு இடத்துக்குப் பதிலாக ஒன்று புள்ளி நான்கு மடங்கே போதும். நான்கு துண்டங்கள் போனாலும் செய்தி போகாது. ஆனால் ஒரு துண்டத்தை மீண்டும் ஆக்கப் பத்துத் துண்டங்களைப் படித்தல் வேண்டும். இடத்திற் கண்ட இலாபம், பழுதுபார்க்கும் நாளில் வலையமைப்பின்மீது சுமையாய் ஏறுகின்றது.

மடியப்போகும் வட்டை முன்னரே அறிய முடியாதா எனின், ஓரளவே முடியும். வட்டுக்கள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் வசதி உண்டு. 2007 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் மூவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வட்டுக்களை நோக்கினர். மேற்பரப்பைத் துருவிப் பார்க்கையில் முதற் பிழை தோன்றிய வட்டு, அடுத்த அறுபது நாளில் மடிவதற்கான வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு மிகுதி எனக் கண்டனர். அத்தகைய வட்டை உயிருடனேயே மெல்ல வெறுமையாக்கி மாற்றுதல் அறிவுடைமை. ஆனால் அதே ஆய்வில், மடிந்த வட்டுக்களுள் நூற்றுக்கு முப்பத்தாறு எவ்வகை முன்னறிகுறியும் காட்டாமலே மடிந்தன. குறிகளை மட்டும் நம்பியிருப்போர் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட சாவுகளை எதிர்பாராமலே எதிர்கொள்வர். மேலும், வட்டு உயிருடன் இருக்கையிலேயே அதில் ஒரு மூலை எழுத்து மட்டும் கெட்டுக்கிடப்பதும் உண்டு. படிக்கப் புகும்வரை அது வெளிப்படாது; படிக்கப் புகும் நாளோ பெரும்பாலும் மற்றப் பிரதியை இழந்த நாள். இதற்காகவே செஃப் களஞ்சியம் நாள்தோறும் பிரதிகளின் அளவையும் குறிப்புக்களையும் ஒப்பிடுகின்றது. வாரந்தோறும் உள்ளடக்கம் முழுவதையும் படித்து ஒப்பிடுகின்றது. வேலை மிகுதி என்று இச்சோதனையை நிறுத்திவைக்கும் நிருவாகிகள் உளர். அவர்கள் கண்களை மூடிக்கொள்கின்றனரே அன்றி, எழுத்துக் கெடுவதை நிறுத்தவில்லை.

எஞ்சியது மடிந்த வட்டு. அதனைக் குப்பையில் எறிதலாகாது. மின்சுற்றுக் கருகியதால் மடிந்த வட்டின் தட்டுக்களில் எழுத்து அப்படியே இருக்கும். வேறு சுற்றைப் பொருத்தி வல்லோர் அதனைப் படித்துவிடுவர். உத்தரவாதத்தின்கீழ்த் திருப்பி அனுப்பிப் புதியது பெறுவதா, அன்றி உள்ளிருக்கும் செய்தியைக் கருதி இங்கேயே நொறுக்கிவிடுவதா என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். சிலவிடங்களில் எழுதும்போதே மறைகுறியில் எழுதுகின்றனர். திறவுகோலை வட்டுக்கு வெளியே வைத்திருந்து, வட்டு மடிந்தவுடன் அத்திறவுகோலை அழித்துவிட்டால் எஞ்சியது வெறும் உலோகம். எவ்வாறாயினும் தொடரிலக்கம் பதிவேட்டில் அடிக்கப்பட்டு, புதியதன் தொடரிலக்கம் அவ்விடத்தில் எழுதப்படுகின்றது. அடுத்த வாரத்துச் சோதனையில் புதிய வட்டிலுள்ள பிரதிகளும் ஏனைய இரண்டோடும் எழுத்தெழுத்தாய் ஒப்பிடப்படும்.